கொடுத்த வாக்கும் இடும் வாக்கும்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

உத்ஸவ காலங்களில் எம்பெருமான் தன் ஸந்நிதியை விட்டு வீதியில் எழுந்தருளுகிறான். கோயிலுக்கு வர இயலாத முதியோரும் நோயுற்றோரும் தம் வீட்டு வாசலிலேயே அவனைக் கண்டு உய்ய வேண்டும் என்பதே அவன் திருவுள்ளம். வீதிக்கு வந்த பெருமானிடம் ஜனங்கள் தங்கள் வீட்டுக் குறைகளையும் வீதிக் குறைகளையும் ஒருங்கே சொல்லி முறையிடுவர். மகளுக்கு வரன், மகனுக்கு வேலை, வயலுக்கு மழை என்று வேண்டுவோர் பலர். இவற்றோடு, வாய் திறந்து கேட்கக் கூசி மனத்துக்குள் சுமக்கும் கேள்வி ஒன்றும் அண்மைக் காலத்தில் பலர் நெஞ்சில் புகுந்துள்ளது. தேர்தல் வரும்போதெல்லாம் அது தலைதூக்குகிறது.

அக்கேள்வி இது: “வாக்குக்கு என்று பணம் வாங்கியாயிற்று, ஸ்வாமி படத்தின் மேல் ஸத்தியமும் செய்தாயிற்று. இனி அவருக்கே வாக்களிக்காவிட்டால் தெய்வ குற்றம் ஆகாதோ?”

நகைத்துத் தள்ளத்தக்க கேள்வி அன்று இது. ஸத்தியத்தை மதிக்காதவனுக்கு இந்தக் கேள்வியே எழாது. நன்றி மறவாமை, சொன்ன சொல் தவறாமை என்னும் இரண்டு குணங்கள் உள்ளவர்க்கே இது உறுத்தும். ஆகவே, எவருடைய நெஞ்சம் தூயதோ அவரே இந்த வலையில் எளிதாக அகப்படுகிறார். வலை விரிப்போரும் இதனை அறிந்தே விரிக்கின்றனர்.

தமிழில் ‘வாக்கு’ என்னும் ஒரே சொல், ஒருவன் கொடுக்கும் உறுதிமொழியையும் குறிக்கும். தேர்தலில் அவன் இடும் சீட்டையும் குறிக்கும். கொடுத்த வாக்குக்கும் இடும் வாக்குக்கும் முரண்பாடு நேர்ந்தால் எதனைக் காப்பது, எதனை விடுவது என்பதைச் சாஸ்திரங்களின் துணைகொண்டு ஆராய்தல் தகும்.

நாட்டு நடப்பும் நாட்டுச் சட்டமும்

2009-ஆம் ஆண்டு ஜனவரியில் நடந்த திருமங்கலம் இடைத்தேர்தலுக்குப் பின், வாக்குக்குப் பணம் கொடுக்கும் முறைக்கு அவ்வூரின் பெயரையே வைத்து ‘திருமங்கலம் ஃபார்முலா’ என்று நாட்டில் வழங்கலாயினர். திருவும் மங்கலமும் சேர்ந்த பெயருக்கு இப்படியும் ஒரு பொருள் வந்து சேர்ந்தது காலக்கொடுமை. 2016 மே மாதத்தில் அரவக்குறிச்சி, தஞ்சாவூர் ஆகிய இரு தொகுதிகளில், வாக்காளர்களுக்குப் பணமும் பரிசுகளும் வழங்கப்பட்ட காரணத்தால் வாக்குப்பதிவு நிறுத்தப்பட்டு நவம்பரில்தான் நடைபெற்றது. 2017 ஏப்ரலில் சென்னை டாக்டர் ராதாகிருஷ்ணன் நகர் இடைத்தேர்தலும், 2019 ஏப்ரலில் வேலூர் மக்களவைத் தேர்தலும் அதே காரணம் பற்றி ரத்து செய்யப்பட்டன. ஒரு கட்சியின் குற்றமாக இதைச் சொல்லி மற்றொரு கட்சி தப்பிக்க இயலாதபடி இந்நோய் பரவியுள்ளது.

இதில் சட்டம் சொல்வது என்ன? 1951-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 123-ஆம் பிரிவில், லஞ்சத்தை ஊழல் நடவடிக்கைகளுள் முதலாவதாக வைக்கிறது. அதே பிரிவில் பலரும் அறியாத மற்றொரு செய்தியும் உள்ளது. ‘இப்படி நடக்காவிட்டால் தெய்வத்தின் சீற்றத்துக்கு ஆளாவாய்’ என்று வாக்காளரை நம்பச் செய்வதும் முறையற்ற நிர்ப்பந்தமே என்று அது கூறுகிறது. கற்பூரத்தை ஏற்றி அதன் மேல் ஸத்தியம் வாங்கச் சொல்கிறவர், பணம் கொடுத்த குற்றத்தோடு தெய்வத்தைக் காட்டி அச்சுறுத்திய குற்றத்தையும் செய்தவர் ஆகிறார். பணம் கொடுத்தவர் மட்டுமன்றி வாங்கியவரும் தண்டனைக்கு உரியவர் என்பது 1920 முதல் தண்டனைச் சட்டத்தில் உள்ளது. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்துள்ள பாரதிய நியாய ஸம்ஹிதையிலும் அது தொடர்கிறது. மேலும், யாருக்கு வாக்களித்தாய் என்று கூறும்படி எந்த வாக்காளரையும் வற்புறுத்தலாகாது என்பதும் சட்டமே.

சட்டம் இவ்வளவு தெளிவாக இருந்தும் மனம் தெளியவில்லை. காரணம், ஜனங்கள் அஞ்சுவது நீதிமன்றத்துக்கு அன்று, தெய்வத்துக்கு. ஆகவே விடையும் தெய்வத்தின் பக்கத்திலிருந்தே வர வேண்டும்.

வழியில் கிடைத்த விருந்து

மஹாபாரதம் உத்யோக பர்வத்தில் மத்ர தேசத்து அரசன் சல்லியனின் கதை வருகிறது. நகுல ஸஹதேவர்களின் தாயான மாத்ரிக்கு அவன் உடன்பிறந்தவன். மருமக்களுக்குத் துணை நிற்பதற்காகப் பெரும் சேனையோடு புறப்பட்டான். அவன் வரும் வழியெங்கும் அழகிய மண்டபங்கள் எழுந்திருந்தன. உணவும் நீரும் உபசாரமும் குறைவின்றி இருந்தன. தருமபுத்திரனே இவற்றைச் செய்வித்தான் என்று எண்ணிய சல்லியன், இதைச் செய்தவர்க்குப் பரிசளிக்க விரும்புவதாகச் சொன்னான். மறைந்திருந்த துரியோதனன் அப்போது வெளிப்பட்டான். அவனே அந்த மண்டபங்களை அமைத்தவன். மகிழ்ந்த சல்லியன் வரம் கேள் என்றான். துரியோதனன் கேட்டது, தன் சேனைக்குத் தலைமை ஏற்க வேண்டும் என்பது.

சல்லியன் வாக்குத் தவறவில்லை. தருமபுத்திரனும் அதற்காக அவனைப் பழிக்கவில்லை; ஆனால் கர்ணனுக்குத் தேரோட்டும் காலத்தில் அவன் ஊக்கத்தைக் குலைக்குமாறு வேண்டிக்கொண்டான். இதன் பயன் என்ன? சல்லியனின் உடல் ஒரு பாசறையிலும் உள்ளம் மற்றொரு பாசறையிலும் இருந்தன. இவர்க்கும் முழுத் துணையாகவில்லை. அவர்க்கும் முழுத் துணையாகவில்லை. பதினெட்டாம் நாள், யாருக்கு உதவப் புறப்பட்டானோ அந்தத் தருமபுத்திரன் கையாலேயே மாண்டான். வழியில் உண்ட சில வேளைச் சோற்றுக்கு அவன் கொடுத்த விலை அது.

இந்தக் கதையைக் கேட்போர் ஒன்றை உற்று நோக்க வேண்டும். துரியோதனன் அமைத்த மண்டபங்கள் அன்பினால் எழுந்தவை அல்ல. சல்லியன் களைத்திருப்பானே என்ற இரக்கத்தினாலும் அல்ல. சேனை தேவைப்பட்டது, அதை வாங்கும் விலையாக விருந்து வைக்கப்பட்டது. பெயர் உபசாரம், பொருள் வாணிபம்.

செஞ்சோற்றுக் கடன் எது?

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பது தமிழர் வாழ்வில் ஊறிய நெறி. அது உயர்ந்த நெறியே. ஆயினும் அந்த நெறிக்கு எல்லை உண்டா என்பதை இதிஹாஸங்கள் இரண்டும் சோதித்துக் காட்டுகின்றன.

குருக்ஷேத்ரத்தில் முதல் நாள் போர் தொடங்குமுன் தருமபுத்திரன் ஆயுதங்களைக் களைந்து, நடந்து சென்று பீஷ்மரின் பாதம் பணிந்தான். அப்போது பிதாமஹர் தம் நிலையை மறைக்காமல் சொன்னார்: மனிதன் பொருளுக்கு அடிமை, பொருளோ எவர்க்கும் அடிமை அன்று, கௌரவர்களின் பொருளால் தாம் கட்டுண்டிருப்பதாகச் சொல்லி வருந்தினார். துரோணரும் கிருபரும் சல்லியனும் அவ்வாறே கூறினர். சாஸ்திரம் முற்றும் கற்ற பெரியோர்கள் அவர்கள். தருமம் எந்தப் பக்கம் என்று நன்கறிவர். அறிந்தும் கைகள் எதிர்ப்பக்கத்துக்கு அம்பு தொடுத்தன. அன்றொரு நாள் ஸபையில் திரௌபதி நியாயம் கேட்டபோதும் அந்தக் கட்டே அவர்கள் நாவைக் கட்டியது என்று கொள்வதில் தவறில்லை.

அதே அரண்மனையில், அதே சோற்றை உண்டு வாழ்ந்தவர் விதுரரும். அவரோ ஒவ்வொரு முறையும் அரசனைக் கடிந்து பேசினார். துரியோதனனின் உடன்பிறந்த விகர்ணன், அந்த ஸபையிலேயே எழுந்து திரௌபதியின் பக்கம் நியாயம் உண்டென்றான். எனவே, உண்ட சோறு வாயை அடைத்தே தீரும் என்பது விதி அன்று. அடைக்க விட்டவர்க்கு அடைக்கிறது.

ஸ்ரீராமாயணத்தில் இந்தச் சோதனை இன்னும் கூர்மையானது. இராவணனுக்குத் தம்பியர் இருவர். அண்ணன் செய்தது தவறு என்று இருவருமே அறிந்திருந்தனர். இருவருமே வாய்விட்டுச் சொன்னார்கள். சொல்லியும் கேளாதபோது கும்பகர்ணன் அண்ணனுக்காகப் போரிட்டு மாண்டான். விபீஷணன் நான்கு துணைவரோடு இலங்கையை விட்டுக் கடல் கடந்து பெருமாள் திருவடியை அடைந்தான். அண்ணனைக் கைவிட்டவன் வேறு யாரைக் கைவிடமாட்டான் என்று ஸுக்ரீவ மஹாராஜர் ஐயுற்றார். உலக வழக்கின்படி அந்த ஐயம் நியாயமே. ஆயினும் பெருமாள் அவனை ஏற்று அபயம் அளித்தார்.

கும்பகர்ணனின் வீரத்தையும் உடன்பிறப்புப் பாசத்தையும் கண்டு இரங்காதவர் இல்லை. ஆனால் ஸ்ரீவைஷ்ணவ ஸம்பிரதாயம் சரணாகதிக்கு எடுத்துக்காட்டாகக் கொண்டதும், ஆழ்வான் என்று சேர்த்துக் கொண்டாடுவதும் விபீஷணனைத்தான். உப்புக்கு மேலான உறவு ஒன்று உண்டு; சோற்றுக் கடனுக்கு மேலான தருமம் ஒன்று உண்டு என்பதே இதனால் பெரியோர் காட்டியது. இவ்வளவும், உண்மையாகவே வளர்த்து ஆளாக்கிய அண்ணனின் சோற்றைப் பற்றியது. முன்பின் அறியாத ஒருவர், இரவோடு இரவாகக் கதவைத் தட்டி உறையில் இட்டுக் கொடுக்கும் நோட்டுக்குச் செஞ்சோறு என்ற பெயரைச் சூட்டுவது, அந்தச் சொல்லுக்கே இழைக்கும் அவமதிப்பாகும்.

இங்கு ஒரு பேதம் காண்க. பசித்தவர்க்கு அரசு உணவளிப்பது லஞ்சம் ஆகாது. 1956-இல் காமராஜர் காலத்தில் விரிவடைந்த மதிய உணவும், 1982-இல் எம்.ஜி.ஆர். காலத்தில் வந்த சத்துணவும் பள்ளிப் பிள்ளைகளின் பசியைத் தீர்த்தன. வாக்குரிமையே இல்லாத குழந்தைகளின் இலையில் அவை விழுந்தன. எல்லோருக்கும் பொதுவாக, வெளிப்படையாக, சட்டப்படி, பொதுப் பணத்திலிருந்து தரப்படுவது ஒன்று. ஒருவன் கையில் மறைவாக வைத்து, பதிலுக்கு ஒன்றைக் கேட்பது வேறொன்று. முன்னதற்கு நன்றி சொல்ல வேண்டிய இடமும் தனி ஒருவரின் வாசல் அன்று. அது ஜனங்களின் பணம்.

ஸத்தியம் செய்தாயிற்றே?

கடன் இல்லை என்று வைத்துக்கொண்டாலும், செய்த ஸத்தியம் என்னாவது? சக்கரவர்த்தி தசரதர் கைகேயிக்குக் கொடுத்த வாக்குக்காக உயிரையே விட்டாரே. பெருமாள் தந்தையின் வாக்கைக் காக்க வனம் சென்றாரே என்று கேட்கலாம். கேள்வி முறையானதே.

அதற்கு விடை கர்ண பர்வத்தில் உள்ளது. காண்டீவத்தை வேறொருவனுக்குக் கொடுத்துவிடு என்று எவன் சொன்னாலும் அவனைக் கொல்வேன் என்று அர்ஜுனன் இரகசியமாக ஒரு விரதம் பூண்டிருந்தான். பதினேழாம் நாள், மனம் நொந்த தருமபுத்திரனே அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டான். அர்ஜுனன் வாளை உருவினான். ஸத்தியம் தவறக்கூடாதே என்பது அவன் வாதம். அப்போது கண்ணன் அவனைத் தடுத்துக் கௌசிகன் என்னும் அந்தணனின் கதையைச் சொன்னான்.

கௌசிகன் பொய்யே சொல்வதில்லை என்று விரதம் கொண்டவன். திருடர்களுக்கு அஞ்சிச் சிலர் காட்டுக்குள் ஓடி ஒளிந்தனர். துரத்தி வந்தவர்கள் கௌசிகனைக் கேட்டபோது, அவன் தன் ஸத்தியத்தைக் காக்க, ஒளிந்த இடத்தைக் காட்டிக் கொடுத்தான். அவர்கள் கொல்லப்பட்டனர். கௌசிகன் நரகம் எய்தினான். தன் நாவின் தூய்மையைக் காக்கப் பிறர் உயிரைப் பலியிட்டவனுக்கு ஸத்தியம் துணை நிற்கவில்லை. தருமம் ஸூக்ஷ்மமானது; எது உயிர்களைத் தாங்குகிறதோ அதுவே தருமம் என்பது கண்ணன் காட்டிய உரைகல்.

இந்த உரைகல்லில் தசரதர், பெருமாள் இருவருடைய செய்கையையும் உரைத்துப் பார்த்தால் வேறுபாடு புலப்படும். பெருமாள் துறந்தது தனக்கு வர இருந்த முடி. தசரதர் கொடுத்தது தம் உயிர். மாவலி அளந்து கொடுத்தது தன் உடைமை, இறுதியில் தன் தலை. தன்னுடையதை இழந்து வாக்கைக் காத்தவர்களையே உலகம் போற்றுகிறது. பிறருடையதைப் பறிகொடுத்துத் தன் வாக்கைக் காத்தவன் கௌசிகனின் வரிசையில் நிற்பான்.

அப்படியானால், இடும் வாக்கு யாருடையது?

திருவாபரணப் பெட்டி

கோயிலில் பெருமாளுடைய திருவாபரணங்களைக் காக்கும் பொறுப்பு ஒருவரிடம் இருக்கிறது என்று கொள்வோம். சாவி அவர் இடுப்பில் இருக்கும். பெட்டியைத் திறக்கவும் பூட்டவும் அவர்க்கே உரிமை. உத்ஸவ நாளில் அவர் கையால்தான் பெருமாளுக்குச் சாற்றப்படும். ஆயினும் வீட்டுக் கடனுக்காக ஓர் ஆரத்தை அவர் அடகு வைக்கலாமா? ‘வைக்கிறேன் என்று கடன்காரனிடம் ஸத்தியம் செய்துவிட்டேன், வாக்குத் தவறலாகாது’ என்று அவர் சொன்னால் ஊர் ஏற்குமா? தனக்கு உரிமையில்லாததைக் கொடுப்பதாகச் செய்த ஸத்தியம் பிறந்தபோதே செத்தது. அதை நிறைவேற்றுவதுதான் பாபம். நிறைவேற்றாதது பாபம் அன்று. அப்படி ஒரு ஸத்தியத்தைச் செய்ததற்கு மட்டுமே அவர் வருந்த வேண்டும்.

வாக்குரிமையும் இத்தகையதே. அது வாக்காளர் கையில் உள்ள சாவி. பெட்டிக்குள் இருப்பதோ ஊருக்குப் பொதுவானது. ஏரி தூர்வாரப்படுமா, பள்ளியில் ஆசிரியர் இருப்பாரா, மருத்துவமனையில் மருந்து கிடைக்குமா, பக்கத்து வீட்டுப் பிள்ளை நேர்மையாக வேலை பெறுவானா என்பவை எல்லாம் அப்பெட்டியில் உள்ளன. பிறக்கப் போகும் குழந்தையின் பங்கும் அதில் உண்டு. தன் பங்கை மட்டும் பிரித்து விற்க வழியே இல்லை. விற்றால் எல்லோர் பங்கும் சேர்ந்து போகும்.

காஞ்சிக்கு அருகில் உத்தரமேரூரில் வைகுண்டப் பெருமாள் ஸந்நிதியின் சுவர்களில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட சாஸனங்கள் இன்றும் உள்ளன. ஊர் வாரியங்களுக்குக் குடவோலை முறையில் ஆள் தேர்ந்தெடுக்கும் விதிகள் அவற்றில் விரிவாக எழுதப்பட்டுள்ளன. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் பெயர் எழுதப்படத் தகுதியற்றவர் என்பது ஒரு விதி. ஓலையை எடுக்க வேண்டியவன், உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத சிறுவன் என்பது மற்றொரு விதி. அந்த முறையில் நிலமும் வேதக் கல்வியும் உடைய சிலரே பங்கு பெற்றனர் என்பதை மறைக்க வேண்டியதில்லை. இன்றோ பதினெட்டு வயது நிரம்பிய ஒவ்வொருவருக்கும், அவர் எக்குலத்தவராயினும், ஆணாயினும் பெண்ணாயினும், ஒரே மதிப்புள்ள வாக்கு உண்டு. ஆனாலும் விதிகளை அவர்கள் பொறித்து வைத்த இடத்தைக் கருத வேண்டும். பெருமாள் ஸந்நிதியின் சுவரில் பொறித்தார்கள். ஊர்ப்பணிக்கு ஆள் தேர்வது அவன் திருக்கண் நோக்கில் நடக்க வேண்டியது என்னும் எண்ணம் அன்றைக்கே இருந்தது என்று கொள்ளலாம்.

ஏழையின் நிலை

இனி, உறையை வாங்கிவிட்ட ஒரு மூதாட்டியை மனத்தில் கொள்வோம். கூலி வேலை இல்லாத நாள். வீட்டில் அரிசி இல்லை. வந்தவர்கள் தெருவில் செல்வாக்குள்ளவர்கள், மறுத்தால் பகையாகும். பணத்தை வாங்கினாள், அவர்கள் சொன்னபடி படத்தின் மேல் கை வைத்தாள். இவளைக் குற்றவாளி என்று கூண்டில் நிறுத்தி நீதி பேசுவது எளிது. பெருமாளின் நீதி அப்படிப்பட்டதா?

கண்ணன் தூது சென்றபோது துரியோதனன் பெரிய விருந்து சமைத்து அழைத்தான். கண்ணன் உண்ண மறுத்தான். ஒருவருடைய அன்னத்தை அன்பினால் உண்ணலாம், அல்லது ஆபத்தில் உண்ணலாம். உன்னிடம் அன்பில்லை, எனக்கு ஆபத்தும் இல்லை என்பது அவன் மறுமொழியின் கருத்து. பின்பு விதுரர் திருமாளிகையில் அமுது செய்தான். அந்தத் தூதனே காஞ்சியில் திருப்பாடகத்தில் பாண்டவதூதனாகப் பெரிய திருமேனியோடு வீற்றிருந்து இன்றும் ஸேவை ஸாதிக்கிறான். அங்கு ஸேவிப்போர், மறுத்த விருந்தையும் நினைவில் கொள்வது நன்று.

அவன் சொன்னதில் ‘ஆபத்தில் உண்ணலாம்’ என்பதும் உண்டு. சாந்தோக்ய உபநிஷத்தில் உஷஸ்தி சாக்ராயணர் என்னும் ரிஷி, பஞ்ச காலத்தில் யானைப்பாகன் உண்டு மிஞ்சிய காராமணியை வாங்கி உண்டார். அவன் கொடுத்த தண்ணீரை மட்டும் மறுத்தார். இதை உண்ணாவிட்டால் உயிர் தங்காது. தண்ணீரோ வேறிடத்தில் கிடைக்கும் என்றார். ஆபத்து தருமத்தைத் தளர்த்தும். எவ்வளவு ஆபத்தோ அவ்வளவே தளர்த்தும். பசிக்கு அரிசி வாங்கிய மூதாட்டியிடம் பெருமாள் கணக்குக் கேட்கமாட்டான். ஆனால் பசி தீர்ந்த பின்னும் மனச்சாட்சியையும் சேர்த்துக் கொடுத்துவிட அந்த ஆபத்து அனுமதி தரவில்லை. வாடகை வீடு அல்லாது சொந்த மாடியில் இருந்துகொண்டு, ‘எல்லோரும் வாங்குகிறார்கள்’ என்று கை நீட்டுவோர்க்கு அந்தத் தளர்வும் இல்லை.

சிலர் மிக்க சாமர்த்தியமாக, ‘எல்லாக் கட்சியிடமும் வாங்கிக்கொள், விருப்பம்போல் வாக்களி’ என்கின்றனர். இது சாஸ்திரத்துக்கு ஒவ்வாத வழி. காக்கும் எண்ணமின்றி ஸத்தியம் செய்வது தெய்வத்தைப் பொய்ச்சாட்சியாக்குவதாகும். கௌசிகனின் கதை அதற்கு உரிமை தரவில்லை; அகப்பட்டுக் கொண்டவன் தப்பும் வழியையே அது காட்டுகிறது, வேண்டுமென்றே அகப்படுவோர்க்குச் சமாதானம் சொல்லவில்லை. முதல் தருமம் வாங்காமை. அறியாமலோ அஞ்சியோ இயலாமையாலோ வாங்கிவிட்டவர்க்கு அடுத்த தருமம், அந்தப் பணத்தைத் தன் உடைமை என்று எண்ணாமை. திருப்பித் தர இயன்றால் தரலாம்; இயலாவிடில் பசித்த மற்றொருவர்க்குச் சோறாக்கலாம். உண்டியலில் போட்டுப் பெருமாளைப் பங்காளியாக்க வேண்டா. மூன்றாவதாக, செய்த ஸத்தியத்துக்காகப் பெருமாளிடம் மன்னிப்பு வேண்டி, யாருக்கு வாக்களித்தால் ஊர்க்கு நன்மை என்று தன் அறிவுக்குத் தோன்றுகிறதோ அவர்க்கே வாக்களிக்க வேண்டும். அது பணம் கொடுத்தவராகவே அமைந்தாலும், பணத்துக்காக அன்று என்று நெஞ்சம் சொல்ல வேண்டும்.

தெய்வ குற்றம் வருமோ என்ற அச்சத்துக்கு இடமே இல்லை. எம்பெருமான் ஒரு கட்சிக்காகச் சாட்சி சொல்ல அமர்த்தப்பட்டவன் அல்லன். அருகில் பிராட்டி இருக்கிறாள். குற்றத்தைப் பொறுப்பிக்கவே இருக்கிறாள். தோஷம் உண்டெனில், ஏழையின் பக்தியைக் கயிறாகத் திரித்து ஏழையையே கட்டியவர்க்கு உண்டு.

படித்தவரும் கோயிலாரும்

உறை வாங்காதவர்கள் தம்மைத் தூயவர் என்று எண்ணிவிட வேண்டா. ஏழை சில நூறு ரூபாய்க்குப் பட்ட கடனைப் பெரியோர் வேறு உருவில் படுகின்றனர். ஒரு பதவிக்கு, ஓர் ஒப்பந்தத்துக்கு, மகனின் இடமாற்றத்துக்கு வாய் மூடி இருப்போர் பீஷ்மரின் பக்கத்தில் நிற்பவர்களே. வாக்குச்சாவடிக்கே செல்லாமல் அரசியலைப் பழித்துப் பேசுவோர், தன் தூய்மையையே காத்த கௌசிகனை நினைத்துப் பார்க்க வேண்டும்.

கோயிலைச் சார்ந்தவர்கள் எல்லோரிலும் முன்னதாகத் தம்மை ஆராய வேண்டியவர்கள். வரிசையில் பலமணி நேரம் நின்ற அடியாரைத் தள்ளிவிட்டு அதிகாரத்தில் உள்ளவர்க்குப் பரிவட்டம் கட்டுவதும், அதன்பின் அவரிடம் ஒரு காரியம் கேட்பதும் எந்த வகையில் அந்த உறைக்கு வேறானவை? சடாரி எல்லோர் தலையிலும் ஒரே கனத்தோடுதான் அமர வேண்டும். வாக்கை விற்காதே என்று ஏழைக்குச் சொல்லும் தகுதி, மரியாதையை விற்காத கோயிலுக்கே உண்டு.

கோயில் மற்றோர் எல்லையையும் காக்க வேண்டும். மதத்தின் பெயரால் வாக்குக் கேட்பது ஊழல் நடவடிக்கை என்பதை 2017 ஜனவரி 2-ஆம் நாள் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு பெரும்பான்மைத் தீர்ப்பால் விரிவாக உறுதிசெய்தது. யாருக்கு வாக்களிப்பது என்று சொல்வது ஸந்நிதியின் வேலை அன்று. எப்படிப்பட்ட மனத்தோடு வாக்களிப்பது என்று நினைவூட்டுவதே அதன் வேலை.

திரைக்குப் பின்னே

வாக்குச்சாவடியில் ஒரு மறைப்பு இருக்கிறது. அதற்குள் ஒருவர் மட்டுமே செல்லலாம். பணம் கொடுத்தவரின் கண்ணும் அங்கே எட்டாது. கோயிலிலும் திரை போடும் நேரம் உண்டு. திரைக்கு வெளியே நிற்பவர்க்கு உள்ளே நடப்பது தெரியாது. ஆயினும் பெருமாள் திரைக்கு அந்தப் பக்கமும் இருக்கிறான், இந்தப் பக்கமும் இருக்கிறான். அந்தர்யாமியாய் நெஞ்சுக்குள் இருப்பவனுக்குச் சாவடியின் மறைப்பு மறைப்பாகாது. அந்தத் தனிமையில், விரல் பொத்தானைத் தொடும் கணத்தில், அருகில் இருப்பவன் அவன் ஒருவனே. அவன் கேட்பது, யாரிடம் வாங்கினாய் என்பது அன்று. உன்னை நம்பி ஒப்படைத்த பெட்டியை என்ன செய்தாய் என்பதே.

உத்ஸவம் ஸேவித்துத் தம் ஊர் திரும்பும் அடியார்கள் ஒவ்வொருவரும், கொடுக்கும் வாக்கும் இடும் வாக்கும் தூயதாய் அமைய, எம்பெருமான் திருவடிகளை வேண்டிச் செல்வார்களாக. ஊர்க்குப் பெய்யும் மழையும் ஊர் பெறும் நல்லாட்சியும் அவன் அருளால் குறைவற விளையட்டும்.

எம்பெருமானார் திருவடிகளே சரணம்.